பலகை படித்தால்தான் பஸ் போகும்

நீலகிரி மலையில் கையைக் காட்டிப் பஸ்ஸை நிறுத்துகிறவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. காட்டெருமைகூட நிறுத்தும், அது கையைக்கூடக் காட்டாது. ஆனால் நின்ற பஸ்ஸை நகரவிடாமல், உள்ளே இருக்கும் அத்தனை பேரையும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வைத்த மனிதப் பிறவி, நான் பார்த்த வரையில் ஒருவர்தான். சத்த டீச்சர்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "முதல் சத்தம் மட்டும் சொல்றேன், மிச்சத்த நீங்க கண்டுபிடிங்க" என்றிருப்பார். எமரால்டு என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் குடியிருந்தார்; கணவருக்கு ஃபேக்டரியில் வேலை. நாலைந்து வளைவு கீழே, ஜங்ஷனில் இருந்த தொடக்கப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சர். ஆள் ஐந்தடிக்குக் குறைவு. சேலைக்கு மேல் ஸ்வெட்டர், ஸ்வெட்டருக்கு மேல் மஃப்ளர், காலில் கான்வாஸ் ஷூ. மூடுபனியில் தூரத்தில் வரும்போது யாரோ ஒரு மூட்டையை நடக்க விட்டிருப்பதுபோல் தோன்றும். கிட்டே வந்துவிட்டால் மூட்டை நாம்தான்.

நானும் அதே எஸ்டேட்டில் இருந்தேன். என் மனைவி எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸ். குவார்ட்டர்ஸ் அவளுடையது; அதில் ஒண்டிக்கொள்ளும் பாக்கியம் என்னுடையது. தினமும் காலை எட்டு மணி மினி பஸ்ஸில் ஊட்டிக்குப் போய், ஒரு மேஜையில் இருக்கும் கோப்பை இன்னொரு மேஜைக்குத் தள்ளிவிட்டு வருவேன். வீட்டில் இரண்டு அலமாரி நிறையப் புத்தகங்கள். ஆகவே படிப்பு என்பதைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்ற நினைப்பும் உண்டு.

அந்த நினைப்பை டீச்சர் ஒரே வளைவில் இறக்கிவைத்தார். எழுத்துக்குப் பெயர் சொல்லிக்கொடுப்பது அவருக்கு ஆகவே ஆகாது. சத்தம்தான் சொல்ல வேண்டும். "நாங்கள்லாம் ஆனா ஆவன்னான்னு கத்துக்கிட்டுதானே டீச்சர் இவ்வளவு புத்தகம் படிச்சிருக்கோம்?" என்று ஒருநாள் பஸ்ஸில் வாயைக் கொடுத்தேன்.

"ஏனுங்க சார், உங்க அம்மாவ எப்படிக் கூப்புடுவீங்க?"

"அம்மான்னுதான்."

"ஆனா இம்மன்னா மாவன்னான்னு கூப்புடறதில்லீங்களே?"

பஸ் குலுங்கியது. ரோடு நன்றாகத்தான் இருந்தது.

அவருடைய வகுப்பில் ஒவ்வொரு சத்தத்துக்கும் எஸ்டேட்டில் ஒரு விலாசம் இருந்தது. "ர்ர்ர்" என்றால் முதல் கியரில் மேடேறும் எங்கள் மினி பஸ். "ஊ" என்றால் ஃபேக்டரிச் சங்கு. "ம்ம்ம்" என்றால் லீவு கேட்கும்போது மேனேஜர் தருகிற பதில். காலையில் சங்கு ஊதியதும் தொழிலாளர்களின் லயன் வீடுகளிலிருந்து பொடிசுகள் எல்லாம் "ஊஊ" என்று கூடவே ஊதும். வேலைக்குக் கிளம்பும் ஜனங்களுக்கு எது சங்கு, எது பிள்ளை என்று தெரியாமல் போனது.

சத்தம் சரியாக வர வேண்டுமென்றால் நாக்கு எங்கே போய் நிற்கிறது என்று பிள்ளைகள் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஆளுக்கொரு கண்ணாடி வேண்டும். பள்ளியில் கண்ணாடி ஏது? அந்த வருடம் எங்கள் எஸ்டேட்டில் எந்த பைக்கிலும் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடி மிஞ்சவில்லை. கேட்டு வாங்கினார் என்பது டீச்சர் கட்சி. கேட்டுக்கொண்டே கழற்றினார் என்பது என் கட்சி. என் பைக்கின் இடது கண்ணாடி அவர் கையில் இருந்தபோதுதான் நான் வாசலுக்கே வந்தேன்.

"டீச்சர், பின்னால வர்ற வண்டி தெரியணுமில்ல?"

"உங்களுக்குப் பின்னால என்னங்க சார் வருது? இந்தப் புள்ளைகளுக்கு முன்னால வருசம் பூராப் படிப்பு வருது."

வலது கண்ணாடியை நானே கழற்றிக் கொடுத்தேன்.

இதெல்லாம் முன்னுரை. பஸ் விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு மணி பஸ்ஸில்தான் டீச்சரும் எஸ்டேட் பிள்ளைகளும் பள்ளிக்குப் போவார்கள். பஸ்ஸின் நெற்றியில் "எமரால்டு வழி ஊட்டி" என்று ஒரு பலகை. ஒரு திங்கட்கிழமை டீச்சர் ஏறாமல், ஒரு பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றார். டிரைவர் செல்வம் ஹாரன் அடித்தார்.

"ஆரன் அடிக்காதீங்க. புள்ளைக்கு அது சொல்ற சத்தமே கேக்காது."

"எனக்கு டைம் இருக்குதுங்க டீச்சர். பின்னால வண்டி வருதுங்க."

"வரட்டுங்க. அந்த வண்டிப் போர்டையும் படிச்சுக்கலாம்."

சட்டம் அன்றே அமலுக்கு வந்தது. தினம் ஒரு பிள்ளை பலகையைப் படிக்கும். படித்து முடித்தால்தான் பஸ் போகும். உள்ளேயிருந்து யாரும் எடுத்துக்கொடுக்கக் கூடாது. கொடுத்தால், சீட்டை விட்டு எழுந்து, டீச்சர் பள்ளி ஸ்டாப்பில் இறங்கும் வரை நின்றுகொண்டே வர வேண்டும்.

முதல் வாரமே நான் மாட்டினேன். ஒரு பெண் குழந்தை "எ... ம..." என்று மலையேறிக்கொண்டிருக்க, ஆபீஸ் அவசரத்தில் "ரா" என்று கூவிவிட்டேன்.

"யாருங்க அது? எந்திரிங்க சார். நீங்க சொன்னா அது உங்க படிப்புங்க. அவ படிப்பு எப்பங்க வரும்?"

நடு வயதில், டை கட்டிய ஒருவன், தன் காலி சீட்டுக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஊட்டி மார்க்கெட்டுக்குக் கேரட் கொண்டுபோகும் ஒரு அம்மாள் தினமும் என் பக்கத்து சீட். நாங்கள் கேரட் அக்கா என்போம். "பெரிய படிப்பு படிச்சவர், பாவம், ஒண்ணாங் கிளாஸ்ல பெயிலாப் போயிட்டார்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி அனுதாபப்பட்டார்.

ஆபீசில் மேலாளர் ஏன் தாமதம் என்றார். "பஸ் 'ரா'வுல நின்னுருச்சு சார்" என்றேன். கையிலிருந்த கோப்பை மூடிவைத்துவிட்டு, உடம்புக்கு முடியாவிட்டால் லீவு போடலாமே என்றார்.

ஒருநாள் தேயிலைச் செடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு காட்டெருமை இறங்கி வந்து ரோட்டோரம் நின்றது. லாரி சைஸ். அதன் மூச்சுப் புகை பஸ் கண்ணாடியில் படிகிற தூரம். மற்ற பிள்ளைகள் ஏறிவிட்டார்கள். கீழே டீச்சரும், "எமரா" வரை வந்துவிட்ட ஒரு பொடியனும்தான்.

"டீச்சர், ஏறிருங்க!" செல்வத்தின் குரல் கீச்சிட்டது.

"கத்தாதீங்க. அது பாட்டுக்கு நிக்குது. கண்ணு, நீ போர்டப் பாரு. அத நான் பாத்துக்கறேன்."

பொடியன் பலகையைப் பார்த்தான். டீச்சர் காட்டெருமையைப் பார்த்தார். வகுப்பில் பேசுகிற பிள்ளையைப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. "ல்... டு... வழி... ஊட்டி" என்று அவன் முடிக்கிற வரை அது அசையவில்லை. பிறகு தலையை ஆட்டிவிட்டு மெதுவாகச் செடிக்குள் திரும்பிப் போனது.

"ஊட்டி வண்டின்னு தெரிஞ்சுபோச்சு, ஏறல" என்றார் கேரட் அக்கா.

அதற்குப் பிறகு யாரும் டீச்சரை அவசரப்படுத்தவில்லை. செல்வம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, பழைய பலகையின் பூவேலையை எல்லாம் அழித்துவிட்டு, கறுப்பில் பெரிய பெரிய எழுத்தாகத் தானே எழுதினார். பஸ்ஸில் செல்போனில் வீடியோ பார்ப்பவர்கள்கூட ஸ்டாப் வந்ததும் அணைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளை படித்து முடித்தால் பஸ்ஸே கைதட்டும். நான் ஆபீசுக்குத் தாமதமாகவும் சந்தோஷமாகவும் போய்க்கொண்டிருந்தேன்.

முன்னி வரும் வரை.

ஜூலை மழையில் ஜார்க்கண்டிலிருந்து இலை பறிக்க வந்த குடும்பம். ஆறு வயது. வகுப்பில் வாயையே திறக்கவில்லை. பிள்ளைகள் சங்கோடு ஊதும்போதும் அவள் ஊதவில்லை. என் பைக்கின் இடது கண்ணாடி அவள் பங்குக்குப் போயிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். காது கேட்கிறதா என்று பள்ளியில் சந்தேகப்பட்டார்கள். என் மனைவி சோதித்துவிட்டு, நன்றாகக் கேட்கிறது என்றாள். "அதானுங்க நானும் சொல்றேன். உள்ள போயிட்டுத்தான் இருக்குது. நெறஞ்சா வெளிய வரும்" என்றார் டீச்சர்.

அவள் முறை வந்தபோது பலகைக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பஸ்ஸும் இருந்தது. கடைசியில் டீச்சர், "சரி கண்ணு, ஏறு. போர்டு எங்கயும் போயிராது" என்றார். முதல்முறையாகப் பலகை படிக்கப்படாமல் பஸ் கிளம்பியது அன்றுதான். செல்வம் வளைவுகளில் ஹாரன் அடிக்கவே மறந்தார். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்த முறையும். அந்த நாட்களில் எல்லாம் நான் ஆபீசுக்கு நேரத்தோடு போனேன், மேலாளர் பாராட்டினார், எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச்சில் முன்னியின் அப்பா வால்பாறைப் பக்கம் வேறு எஸ்டேட்டுக்குப் போவதாகச் செய்தி வந்தது. அன்று டீச்சர் என் பக்கத்தில் உட்கார்ந்து மஃப்ளர் நுனியை முறுக்கிக்கொண்டே வந்தார். அவர் கை சும்மா இல்லாமல் தவித்து நான் பார்த்ததில்லை.

"அங்க போயி இப்படியே நின்னாள்னு வைங்க சார், இதுக்கு ஒண்ணும் ஏறாதுன்னு கடைசி வரிசைல உக்கார வெச்சுருவாங்க. அப்புறம் அவளும் அதயே நம்பிருவா. ஒரே ஒருக்கா அவ படிக்கற சத்தத்த அவ காது கேட்டுருச்சுன்னா போதுமுங்க. அப்புறம் யாரு என்ன சொன்னாலும் நம்ப மாட்டா."

"கேட்டுரும் டீச்சர்" என்றேன். இரண்டு அலமாரிப் புத்தகத்திலிருந்தும் அந்த நேரத்துக்கு எடுக்க எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

அவர்கள் கிளம்பிய காலையில் ஒரே மூடுபனி. தகரப்பெட்டி, பாத்திர மூட்டை, கம்பளி எல்லாம் மேலே ஏறின. முன்னியின் அம்மாவும் அப்பாவும் ஏறினார்கள். டீச்சர் மற்ற பிள்ளைகளை ஏற்றினார். அன்றைக்கு யாரையும் பலகைக்கு முன்னால் கூப்பிடவில்லை. போகிற குழந்தையைக் கடைசியாகவும் ஒருமுறை நிற்க வைக்க அவருக்கு மனசு வரவில்லை போலும்.

செல்வம் எஞ்சினை அணைத்தார்.

"வண்டி எடுங்க" என்றார் டீச்சர்.

"போர்டு படிக்காம எடுத்துப் பழக்கமில்லீங்க" என்றார் செல்வம், நேராகப் பார்த்துக்கொண்டு. பிறகு இறங்கிப் போய், பலகையில் படிந்திருந்த ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

முன்னி படியில் ஒரு கால் வைத்திருந்தாள். அந்தக் காலை எடுத்தாள். யாரும் சொல்லாமல், கையில் கண்ணாடியோடு, பஸ்ஸுக்கு முன்னால் நடந்தாள். டீச்சர் பின்னாலேயே ஓடினார்.

"எ" என்றாள் முன்னி. "ம." நாளாகத் திறக்காத தண்ணீர்க் குழாயில் முதலில் வருமே, அப்படிக் கரகரவென்று ஒரு குரல். "ரா."

அங்கே நின்றுவிட்டது.

பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்தால் தண்டனை என்று தெரியும். யாரும் சத்தம் போடவில்லை, சத்தியமாக. ஆனால் நிமிர்ந்து பார்த்த முன்னியின் முகம் ஒரு மாதிரி ஆனது. அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன். கேரட் அக்காவின் வாய் ஆவென்று திறந்திருந்தது. நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. செல்வத்துக்கும் அப்படியே. பஸ் முழுக்க, டிபன் கேரியர்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், மற்றவர்களைப் பார்த்துச் செய்த முன்னியின் அப்பா அம்மா உட்பட, அத்தனை நாக்கும் அதே இடத்தில். என்னுடையதும் அங்கேதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முன்னி சிரித்தாள். சிரிப்போடு சிரிப்பாக, "ல்" என்றாள். "டு. வழி." பிறகு ஃபேக்டரிச் சங்கு மாதிரியே இழுத்து, "ஊஊ... ட்டி!"

பஸ்ஸில் எழுந்த கைதட்டல் எமரால்டு அணை வரை கேட்டிருக்கும். டீச்சர் அதற்குள் திரும்பிக் கண்ணாடி வழியே எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, என்னங்க இது?"

"நாங்க யாரும் வாய் விடலீங்க டீச்சர்" என்றார் கேரட் அக்கா.

"வாயக் காட்டுனாலும் எடுத்துக் குடுத்ததுதானுங்க. அத்தன பேரும் நின்னுட்டே வாங்க."

"நானுமுங்களா?" என்றார் செல்வம்.

"நீங்க வண்டி ஓட்டோணும். பொழச்சுப் போங்க."

நாங்கள் சீட்டுக்குத் திரும்பாமல் நின்றோம். முன் சீட்டில் முன்னி மட்டும், மடியில் என் பைக் கண்ணாடியோடு, மகாராணி மாதிரி உட்கார்ந்து வந்தாள். பள்ளி ஸ்டாப்பில் டீச்சர் மற்ற பிள்ளைகளை இறக்கினார். முன்னியின் தலையில் ஒருமுறை கையை வைத்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே, "இனி எல்லாரும் உக்காருங்க" என்றார். ஊருக்கெல்லாம் சத்தம் சொல்லிக்கொடுத்தவருக்கு அந்த மூன்று சொல் மட்டும் சரியாக வரவில்லை.

டீச்சர் இறங்கிப் போனார். பஸ் கிளம்பியது. ஊட்டி போய்ச் சேரும் வரை யாரும் உட்காரவில்லை.