காலி வீட்டுக்குக் காபி

மாடியில் ஏற்றிவைத்த விளக்கை அணைக்கலாமா வேண்டாமா என்று அமிர்தம் படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பேண்டுக்குள் செருகிய சட்டை, பளபளக்கும் ஷூ, கக்கத்தில் ஒரு ஃபைல்.

நகராட்சி இன்ஸ்பெக்டர் வந்தேவிட்டார்.

மாடிப் போர்ஷன் ஆறு மாதமாகக் காலி. அகலப் பாதை போடுவதற்காகச் சிதம்பரத்தில் ரயிலை நிறுத்தியதும், தினமும் கடலூருக்கு வேலைக்குப் போய்வந்த குடித்தனக்காரர் அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். நல்ல மனிதர் யாராவது கேட்டால் அனுப்பச் சொல்லி அமிர்தம் தெருமுனை மளிகைக் கடையில் சொல்லிவைத்தாள். ஒருவரும் வரவில்லை. அதற்குள் வீட்டு வரி கட்டும் காலம் வந்துவிட்டது.

வரி என்றால் அவள் வீட்டில் அது ஒரு பண்டிகை. அரையாண்டு பிறந்ததும் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, கவுண்டர் திறக்கும் முன்பே போய் நின்றுவிடுவார். திரும்பும்போது இட்லியும் கொத்சும் வாங்கி வருவார். “நம்ம தெரு லைட்டு நம்ம காசுலதான் எரியுது அமிர்தம்” என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். போன பங்குனியில் அவர் போய்விட்டார். வரி ரசீதில் மட்டும் இன்னும் அவர் பெயர்தான் வருகிறது. நகராட்சி ஆபீஸ் வாசலில், பாக்கிக்காரர்கள் பெயரை எழுதிப் போட ஒரு கரும்பலகை உண்டு. அதில் அந்தப் பெயர் ஏறக் கூடாது. அமிர்தத்துக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே வைராக்கியம் அதுதான்.

ஆனால் குடும்பப் பென்ஷனை வைத்துக்கொண்டு, வாடகை வராத மாடிக்கும் சேர்த்து வரி கட்டுவது எப்படி? வழி சொன்னவர் பக்கத்து வீட்டு மணவாளன். பத்திரப் பதிவு ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். சலுகை என்று எங்கே எழுதியிருந்தாலும் அது தனக்காகத்தான் எழுதியிருக்கிறது என்று நம்புகிறவர்.

ஆள் இல்லாத வீட்டுக்கு வரியில் தள்ளுபடி உண்டு, மனு கொடுத்தால் இன்ஸ்பெக்டர் நேரில் வந்து பார்த்துவிட்டு எழுதித் தருவார் என்றார். அமிர்தம் தயங்கினாள். கணவர் இருந்தவரை யாரிடமும் கைநீட்டியதில்லை.

“கை நீட்டறதா? இது உரிமைம்மா. பஸ்ல சீட்டு காலியா இருந்தா ஒக்காருவியா, நின்னுக்கிட்டே காட்டுமன்னார்கோயில் போவியா?”

உட்காருவேன் என்று ஒப்புக்கொண்டு மனு கொடுத்தாள். மணவாளன் மூன்று பாடம் சொல்லி அனுப்பினார். இன்ஸ்பெக்டர் வரும்போது வீட்டைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. இந்த அரை வருஷத்துக்கு யாரையும் குடிவைக்கப்போவதில்லை என்று அடித்துச் சொல்ல வேண்டும். அதுவரை வரியையும் கட்டக் கூடாது, கட்டினால் தள்ளுபடி போயிற்று.

இப்போது ஷூக்காரர் வாசலில் நின்று, “அம்மா, நான்...” என்று ஆரம்பித்தார்.

அமிர்தம் அவரைப் பேசவிடவில்லை. வந்தவர்களை வாசலில் நிற்கவைத்து யார் என்னவென்று கேட்பது அந்த வீட்டில் வழக்கமில்லை. முதலில் காபி, பிறகுதான் சங்கதி. தட்சிணாமூர்த்தி போட்ட சட்டம். ஒருமுறை திருட வந்தவனுக்கே காபி கொடுத்துவிட்டு, பால் கணக்கு கேட்க வந்தவன் என்று நினைத்தேன் என்றார்.

காபி குடித்து முடித்தவரை மாடிக்கு அழைத்துப்போனாள். அங்கேதான் சிக்கல். காலி வீடு பார்க்க ஒரு ஆபீசர் வருகிறார் என்றால் குப்பையாகவா காட்டுவது? அவளுக்குக் கை நிற்கவில்லை. தரையைத் தேய்த்துக் கழுவி, நிலைப்படியில் கோலம் போட்டு, மாடத்தில் விளக்கேற்றி, ஊதுவத்தியும் கொளுத்திவைத்திருந்தாள்.

அவர் குழாயைத் திறந்து பார்த்தார். ஜன்னல் பக்கம் போய்க் காற்றில் கொஞ்ச நேரம் நின்றார். முகம் மலர்ந்திருந்தது. அமிர்தத்துக்கு அது நல்லதாகப் படவில்லை. வீடு பிடித்துவிட்டால் வரி ஏறுமே.

“தண்ணி எப்படிம்மா?”

“உப்பு சார். பருப்பு வேகாது.” சொன்ன மறுகணமே மனசு கேட்கவில்லை. “ஆனா எங்க வீட்டுக்காரரு தனியா போர் போட்டிருக்காரு. தேனாட்டம் இருக்கும்.”

“மழைக்கு ஒழுகுமா?”

“ஒழுகும் சார்.” மறுபடியும் தாங்கவில்லை. “அவரு கிட்ட நின்னு போட்ட தளம். இருபது வருஷத்துல ஒரு சொட்டு எறங்குனதில்ல.”

அவர் குழம்பிப்போய், முன்பு என்ன வாடகை வந்தது என்று கேட்டார். வரி போடுகிறவர் வாடகையைத்தான் முதலில் கேட்பார் என்று மணவாளன் எச்சரித்திருந்தார். அமிர்தம் நிமிர்ந்து நின்று பாடத்தை ஒப்பித்தாள்.

“வாடகைப் பேச்சே வேணாம் சார். இந்த அரை வருஷத்துக்கு இங்க யாரையும் வெக்கறதா இல்ல. யாரு வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. மாடத்து விளக்கைப் பார்த்தார், கோலத்தைப் பார்த்தார். இன்னொரு நாள் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போனார்.

மணவாளன் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். விளக்கேற்றிக் கோலம் போட்டுவைத்தால் அது காலி வீடு என்று எவன் நம்புவான்? இனிமேல் மாடியில் ஒரு பொட்டு வெளிச்சம் கூடாது என்றார்.

அமிர்தத்தால் அதை ஏற்க முடியவில்லை. அவர் கட்டிய வீட்டை இருட்டில் போடுவதா? இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். விளக்கு இல்லாவிட்டாலும் தானியம் இருக்கிற இடம் இருட்டு இல்லை என்பார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கம் நாத்தனார் ராசம்மாளுக்கு நிலம் இருந்தது. நாலு மூட்டை நெல் அனுப்பிவை, மாடியில் இருக்கட்டும் என்று போன் போட்டாள். அந்த வருஷம் ராசம்மாளுக்கு நெல் வைக்க இடமில்லை. நாலு கேட்டால் நாற்பது அனுப்பினாள். மூட்டைகள் கூடத்தை நிறைத்து, சமையலறைக்குள் புகுந்து, படியில் இறங்கின.

மறுநாளே ஷூக்காரர் வந்துவிட்டார். வழக்கம்போல் காபி. பிறகு மூட்டைகளுக்கு நடுவே ஒருக்களித்து நுழைந்து, நிற்க இடமில்லாமல் ஒற்றைக் காலில் நின்றார்.

“இதெல்லாம் எப்ப எடுப்பீங்க?”

“எடுக்கற உத்தேசமே இல்ல சார். எங்க சொந்த நெல்லு” என்றாள் அமிர்தம், பெருமையாக.

அவர் பெருமூச்சு விட்டார். தும்மினார். இறங்கிப் போய்விட்டார்.

“கிடங்குன்னு எழுதியிருப்பான்” என்றார் மணவாளன். “வீட்டு வரி போயி கடை வரி வரும். ஜாஸ்தி.”

அன்றைக்கே ராசம்மாளுக்குப் போன் போட்டு மூட்டைகளைத் திருப்பி அனுப்பினாள். ராசம்மாள் இதற்காக ஒரு மாதம் பேசவில்லை. மாடி மறுபடி சுத்தமாக, வெறுமையாக நின்றது. இப்போது வந்து பார்க்கட்டும் என்று அமிர்தம் காத்திருந்தாள்.

ஆனால் அதற்குள் மணவாளன் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. தெருவில் கல்யாணம் என்றால் காலியாக இருக்கும் போர்ஷனில் விருந்தாளிகளைத் தங்கவைப்பது வழக்கம். இல்லை என்று சொன்னால் தெருவில் தலை காட்ட முடியாது. ஒரு ராத்திரிதானே என்று குறிஞ்சிப்பாடிச் சொந்தங்களைக் கொண்டுவந்து இறக்கினார் மணவாளன்.

ஷூக்காரர் வந்தது மறுநாள் மத்தியானம். மாடிக் கைப்பிடி முழுக்கப் பட்டுப்புடவைகள் காய்ந்தன. படியில் ஒரு குழந்தை ஜிலேபியோடு உட்கார்ந்திருந்தது. மாடியில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் அவரை மாப்பிள்ளை வீட்டுக்காரர் என்று நினைத்து, இலை போட்டு உட்காரவைத்துப் பாயசம்வரை பரிமாறிவிட்டார்கள். வெற்றிலை பாக்குப் பையோடு கீழே வந்தவர், அமிர்தத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“கல்யாணத்துக்கெல்லாம்கூட வுடறீங்களாம்மா?”

“வேண்டியவுங்களுக்கு மட்டும் சார்.”

“வேண்டியவுங்களுக்கு” என்று தலையாட்டிக்கொண்டே போனார்.

கல்யாண மண்டபத்துக்கு வரி கடையைவிட ஜாஸ்தி என்ற தகவலை மணவாளன் மாலையில் வந்து சொன்னார், மாப்பிள்ளை வீட்டு லட்டோடு.

அன்று அமிர்தம் லட்டைத் தொடவில்லை. தட்சிணாமூர்த்தியின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு அவர் வீட்டைப் பற்றி உப்புத் தண்ணீர் என்றும் ஒழுகும் என்றும் தன் வாயாலேயே சொன்னாயிற்று. அரையாண்டும் முடியப்போகிறது, வரியும் கட்டவில்லை. கரும்பலகை கண்முன் வந்தது.

காலையில் இஸ்திரி போட்ட புடவையைக் கட்டிக்கொண்டாள். கண்ணாடி மாற்றுவதற்காக எடுத்துவைத்திருந்த பணத்தை எடுத்துக்கொண்டாள். கவுண்டர் திறக்கும் முன்பே போய் நின்றாள். மாடிக்கும் சேர்த்து முழு வரியைக் கட்டினாள். ரசீதில் தட்சிணாமூர்த்தி என்று அச்சாகி வந்ததை இரண்டு தரம் படித்தாள். பழைய கண்ணாடியிலும் நன்றாகத்தான் தெரிந்தது.

மனுவைத் திரும்ப வாங்க உள்ளே போனாள். மேஜையில் ஒரு இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். அமிர்தம் உட்காரவில்லை.

“என் மனுவ நான் வாபஸ் வாங்கிக்கறேன்மா. என் வீடு காலி வீடும் இல்ல, கிடங்கும் இல்ல, கல்யாண மண்டபமும் இல்ல. என் வீட்டுக்காரரு கட்டின வீடு. தண்ணி தேனாட்டம் இருக்கும், தளம் ஒழுகாது. அதுக்கு முழு வரி குடுக்க எனக்குத் தெம்பு இருக்குது. ஒங்க இன்ஸ்பெக்டர்கிட்ட இத அப்படியே சொல்லிடுங்க.”

அந்தப் பெண் பேனாவை மூடிவைத்துவிட்டு, எந்த இன்ஸ்பெக்டர் என்று மெதுவாகக் கேட்டாள்.

அமிர்தம் சுற்றுமுற்றும் பார்த்தாள். வராந்தாவில் பியூன் கொளஞ்சியோடு அந்த ஷூக்காரர் பேசிக்கொண்டு நின்றார். கொளஞ்சிக்குப் பியூன் வேலை போக வீட்டுத் தரகும் உண்டு.

“அதோ நிக்கிறாரே, அவருதான். மூணு தடவ வந்தாரு. காபி குடிச்சாரு, பாயசம் குடிச்சாரு. ஒரு நல்ல வார்த்த எழுதல.”

ஷூக்காரர் திரும்பிப் பார்த்தார். அமிர்தத்தைக் கண்டதும் திடுக்கிட்டு, பள்ளிக்கூடப் பையனைப் போலக் கைகூப்பினார். கொளஞ்சி அவரைப் பார்த்தார், அமிர்தத்தைப் பார்த்தார், மேஜையில் இருந்த பெண்ணைப் பார்த்தார்.

“இன்ஸ்பெக்டர் இந்த மேடம்தாம்மா, ஒங்க தெருவுக்கு அடுத்த வாரந்தான் வர்றாங்க, இவரு காலேஜுக்குப் புதுசா வந்த வாத்தியாரு, வீடு கெடைக்காம லாட்ஜுல கெடக்குறாரு, மளிகைக் கடையில சொல்லி ஒரு வீட்டுக்கு மூணு தடவ போனாராம், அந்தம்மா காபி குடுக்குறாங்க, சோறு போடுறாங்க, வீட்டத்தான் குடுக்க மாட்டேங்குறாங்கன்னு இப்பத்தான் எங்கிட்ட அழுதுக்கிட்டிருந்தாரு.”