லினக்ஸ் கொட்டிய கெட்டிமேளம்

ஓசியில் ஒரு சிடி கிடைத்துவிட்டால் போதும், மனிதனுக்குத் தான் விஞ்ஞானி என்ற நினைப்பு வந்துவிடும். எனக்கு அது தொண்ணூறுகளின் கடைசியில், ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்தது. சிடியில் இருந்தது லினக்ஸ். காசு கிடையாது, பிரித்து மேய்ந்து நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். உலகம் அதை வைத்து என்னென்னவோ சாதித்துக்கொண்டிருந்தது. நான் அக்கா கல்யாணத்தில் கெட்டிமேளம் கொட்டத் தீர்மானித்தேன்.

வள்ளியூர் மண்டபத்தில் மேளக்காரர்களுக்கு மணமேடை தெரியாது. நடுவில் தூண். யாராவது விரலை ஆட்டிக் கத்த வேண்டும். இந்தக் காட்டுமிராண்டித்தனத்தை ஒழிக்க, பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றி, பிரின்டர் வயர் சொருகும் இடத்திலிருந்து மேளக்காரர்கள் கண்ணெதிரே தொங்கவிட்ட ஒரு சிவப்பு பல்புக்கு இணைப்புக் கொடுத்தேன். தாலி கட்டும்போது என் நண்பன் ஒரு கீயைத் தட்டுவான், பல்பு எரியும், மேளம் முழங்கும். (விரலை ஆட்டுவதைவிட எவ்வளவு சுலபம், பாருங்கள்!)

"ஏலே, என் கல்யாணத்துல வெளாடாத. வேற எங்கனயாவது வச்சுக்கோ" என்று அக்கா கெஞ்சினாள்.

கேட்பேனா? நாதஸ்வரக்காரரிடம் போய், "அண்ணாச்சி, யாரு கையக் காட்டுனாலும் வாசிக்காதீங்க. பல்பு எரிஞ்சா மட்டுந்தான்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, பெண்ணின் தம்பிக்கே உரிய மரியாதைப்படி மாப்பிள்ளைத் தோழனாக அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா கூறைப்புடவை மாற்றப் போயிருந்தாள்.

கரண்ட் போனது. ஜெனரேட்டர் உறுமியது. கம்ப்யூட்டர் மறுபடி உயிர்பெற்றது. அப்படி எழும்போது, லினக்ஸ் வருவதற்கு முன்பே அந்த இணைப்பில் சில நொடிகள் மின்சாரம் பாயுமாம். கையேட்டில் தெளிவாகவே எழுதியிருந்தார்கள். படிக்காதது நான். லினக்ஸ் மேல் குற்றமே இல்லை. அது யாரையும் எதையும் செய்ய விடும், என்னைக்கூட.

பல்பு எரிந்தது. கெட்டிமேளம் முழங்கியது. மேளம் கேட்டால் நம் ஜனங்கள் மேடையையா பார்ப்பார்கள்? மண்டபமே எனக்கும் அத்தானுக்கும் அட்சதை தூவி மனதார வாழ்த்தியது. அறை வாசலில் கூறைப்புடவையோடு நின்ற அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. அதைப் பார்த்தபோது எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

நிஜத் தாலி ஏறும்போது லினக்ஸ், திடீரென்று கரண்ட் போனதால் ஹார்ட்டிஸ்க்கில் சேதம் ஏதும் உண்டா என்று சாவகாசமாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தது. நண்பன் கீயைத் தட்டோ தட்டென்று தட்டினான். அப்பா கையை ஆட்டிக் கத்தினார்.

"தம்பி பல்ப மட்டுந்தான் பாக்கச் சொல்லிருக்காரு" என்றார் வாக்குத் தவறாத அண்ணாச்சி.

அந்த நிசப்தத்தில் அத்தானின் பெரியப்பா தும்மினார். கெட்டிமேளம் என்ற ஒன்று இருப்பதே அந்தத் தும்மல் காதில் விழாமல் இருக்கத்தான்.

அபசகுனம் என்று கூட்டம் முணுமுணுத்தது. அத்தான் மட்டும் என் பக்கம் தலையை ஆட்டி, "மேளந்தான் ஏற்கெனவே கொட்டியாச்சே. மூத்த தாரம் சாட்சியா பைய முடிச்சப் போடுதேன்" என்றார். அழுதுகொண்டிருந்த அக்கா சிரித்துவிட்டாள்.

அவளுக்கு இரண்டு பிள்ளைகள். இன்றுவரை இருவரும் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே குரல் போகும்: "அம்மா, பெரியம்மா வந்தாச்சு!"