சனியின் வளையமும் லோரன்ஸின் தாடியும்

பனிநாட்டு ஸ்கீவ நகரின் செங்கல் வீடுகளிடையே எழுந்த சிங்கமே, பால் ஆலையில் பகலெல்லாம் பொறிகளை ஆண்டு, மாலையில் தொலைநோக்கி ஏந்தும் வீரனே, காலுறைமேல் காலுறை பூண்ட குளிர்கால வேந்தனே, லோரன்ஸ் என்னும் பெயரோனே, உன் போர்க்கதை பாடப் புகுந்தோம். தமிழே, விரல் விறைக்குமுன் துணை வருக.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து கோப்பி அருந்திய கூட்டத்தின் நடுவே, "சனியின்ரை வளையத்தைப் பாக்குமட்டும் இந்தத் தாடியிலை கத்தி படாது" என்று அவன் சூளுரைத்தான். கேட்ட வானம் அன்றே முகிற்படை திரட்டியது. தை பிறந்தும் படை கலையவில்லை. தாடியோ, ஆலையில் வலை போட்டு மூடவேண்டிய பெருங்காடாயிற்று. மனைவி விமலராணியின் தங்கை மகளுக்கு ஹோர்சன்ஸ் நகரில் கலியாணம் வந்தது. "இந்தக் கோலத்தோடை வந்தால் சேர்ச்சிலை நான் வேறை வாங்கிலைதான் இருப்பன்" என்று அவளும் தீர்ப்புரைத்திருந்தாள்.

கலியாணத்துக்கு முதல்நாள் மாலை முகிற்கோட்டை மேற்கே பிளந்தது. பிளவில், பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குச் சற்று மேலே, சனி நின்றான். கதகதத்த வரவேற்பறையிலிருந்து தொலைநோக்கியைத் தோளிலேற்றி, உறைபனி நொறுங்கும் புல்லில் முக்காலி நாட்டி, காற்று ஈட்டியென மூக்கைத் துளைக்கக் கையுறை களைந்து, திருகி, குனிந்து, நோக்கினான் லோரன்ஸ். அங்கே சனி, அடுப்பேற்றிய கஞ்சிபோல் கொதித்துக்கொண்டிருந்தான். தொலைநோக்கிக் குழாய்க்குள் வீட்டுச் சூடு தணியும்வரை காட்சி அடங்காது என்பதை அறிந்த வீரன், ஆயுதத்தை ஆறவிட்டு முன்னறைக்குள் புகுந்து, கால்களைச் சுவர் ஹீற்றரின் சூட்டில் சாய்த்தான்.

அப்போது விதி இரக்கத்தின் உருவெடுத்துப் பின்கதவால் சென்றது. வெளியே போகும் எவரையும் தொப்பி மாட்டாமல் விட்டறியாத விமலராணி, குளிரில் தனியே நின்ற குழாயைக் கண்டு மனம் பொறாமல், முக்காலியோடு தூக்கிவந்து, இறால் குழம்பு கொதிக்கும் அடுப்பருகே நிறுத்தி, தன் சால்வையையும் போர்த்தினாள்.

குளிர்ந்த கண்ணாடி குழம்பாவியில் வியர்த்து வெளுத்தது. ஆயுதம் தேடி அடுப்படிக்குள் புகுந்த வீரன் சால்வையை உருவினான்.

"என்னப்பா செய்தனீர்?"

"குளிருக்கை நிண்டு வெடிச்சிடுமெண்டுதான் எடுத்தனான். நல்லதுக்குக் காலமில்லை."

மீண்டும் களம் புகுந்தனர் இருவரும். சனி புகைபோக்கியின் விளிம்பை நெருங்கிவிட்டான். விமலராணி நீண்ட வயர் இழுத்து, தலைமயிர் உலர்த்தும் மெசினைத் தீக்கணைபோல் ஏந்தி முன் கண்ணாடியின் பனி கலைத்தாள். மூச்சிரைக்கக் குனிந்தான் லோரன்ஸ்; அந்தோ, அவன் பெருமூச்சே பகையாகிக் கண் வைக்கும் வில்லையை மூடியது. "தள்ளுங்கோ" என்று அவனை விலக்கி, அதற்கும் சூடு காட்டி, தெளிந்ததா என்று பார்க்க அவளே குனிந்தாள்.

"ஓம், கிடக்கு. தொப்பி போட்ட மாதிரி, வடிவா இருக்கு."

மலையருவியெனப் பாய்ந்து கண்ணைப் பொருத்தினான், மூன்று திங்கள் முகிலோடு மலைந்தோன், தாடிக்காடு தாங்கியோன். கண்டது செங்கல், அதன்மேல் செங்கல், புகைபோக்கியின் மாபெரும் மார்பு.

"நான் பாத்திட்டன்தானே. போய்த் தாடியை வழியுங்கோ."

அண்டம் அதிர மறுமொழி பகர வாய் திறந்து, நாளைய தேவாலயத்தின் வேறொரு வாங்கை மனக்கண்ணில் கண்டு, திறந்த வாயைக் குளிருக்கு மூடினான் அம்மாவீரன்.

லோரன்ஸ் உள்ளே போய்ச் சவரம் செய்தார்.