உள்ளேயே ஒரு ஸ்டெப்னி

இன்ஜினைக் கழற்றியாகிவிட்டது. கழற்றுகிற வேலையில் அப்பாதுரைக்கு எந்தக் காலத்திலும் சிரமம் வந்ததில்லை. கஷ்டமெல்லாம் அதற்கப்புறம்தான்.

கோணிப்பையின் மேல் பரப்பியிருந்த சாமான்களைத் தாண்டித் தாண்டி அவன் மனைவி காசியம்மாள் காபி கொண்டுவந்தாள்.

"இன்னாங்க, இதெல்லாம் மறுபடியும் உள்ள போயிடுமா?"

"போவாம? எல்லாம் அதுக்குள்ள இருந்து வந்ததுதானே."

"போன மாசம் வாத்தியார் வூட்டு பம்புசெட்டை மாட்டி முடிச்சப்ப ரெண்டு நட்டு மீந்து போச்சே?"

"அது கம்பெனிக்காரன் ஜாஸ்தியா போட்டு வெச்சிருந்தான்" என்றான் அப்பாதுரை.

கீழ்பென்னாத்தூரிலிருந்து அடி அண்ணாமலை வரைக்கும் கிணற்று மேட்டில் எந்த இன்ஜின் இருமினாலும் அப்பாதுரையைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் இப்போது அவன் முன்னால் கிடந்தது கிணற்று இன்ஜின் அல்ல, படகு இன்ஜின். கடல் என்பது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட யோசிக்க வேண்டிய அவசியமில்லாத திருவண்ணாமலைக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர் மல்லாக்கொட்டை மண்டி ராஜமாணிக்கம். அந்த வருஷம் தீபத்துக்குப் பிறகு ஐயங்குளத்தில் நடக்கிற தெப்பத்துக்கு அவர்தான் உபயதாரர்.

"ரஷ்யாக்காரன் ராக்கெட்டு வுடறான். நாம இன்னமும் சாமியைக் கயிறு கட்டி இழுத்துக்கினு இருக்கோம்" என்று சொல்லி, கடலூர்த் துறைமுகத்து ஏலத்தில் ஒரு பழைய மோட்டார் படகை எடுத்தார். படகு வழியிலேயே உதிர்ந்துவிட்டது. இன்ஜினும் அதன் வால்பக்கத்து விசிறியும் மட்டும் லாரியில் வந்து இறங்கின.

"தெப்பத்துல இதை மாட்டிடு அப்பாதுரை. சாமி மூணு சுத்து நிக்காம வந்துட்டா இந்தக் கொட்டாய் உனக்கே. நடுக்குளத்துல நின்னுச்சோ, தை பொறந்ததும் காலி பண்ணிடு. எனக்கு குடோன் கட்டணும்."

கொட்டகை அவருடையது. அதன் பின்பக்கத்து ஒற்றை அறையில்தான் அப்பாதுரையும் காசியம்மாளும் ஆறு வருஷமாகக் குடியிருந்தார்கள். காசியம்மாளுக்கு அது ஏழாம் மாதம். கொட்டகை போனால் தொழிலும் வீடும் ஒரே நாளில் போகும். அதனால்தான் அவள் சாமான்களை அவ்வளவு உற்றுப் பார்த்தாள்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தெப்பம் வியாழக்கிழமை.

பிஸ்டனைச் சுற்றியிருந்த வளையங்கள் தேய்ந்து காகிதம் போலிருந்தன. இந்த ஊரில் படகு இன்ஜின் வளையத்துக்கு எங்கே போவது? பம்புசெட் வளையத்தை எடுத்துப் பார்த்தான். கொஞ்சம் பெரிசு. முனைகளை அரத்தால் ராவினான். கொஞ்சம் சிறிசாகிவிட்டது. பரவாயில்லை என்று மாட்டித் திங்கட்கிழமை ஓட்டிப் பார்த்தான். ஓடியது. ஆனால் அது விட்ட நீலப் புகையில் எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து ஏகாம்பரநாத குருக்கள் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். சாமி ஏறப்போகிற வாகனம் எப்படியிருக்கிறது என்று பார்த்துப் போக வந்தவர்.

"ஏண்டாப்பா, சுவாமிக்குத் தூபம் போட நாங்க இருக்கோமே. நீ வேற எதுக்கு?"

"நாளைக்குச் சரியாயிடும் சாமி. வளையம் லூசு."

"எனக்கென்னமோ கவலையா இருக்கு. மண்டிக்காரர்கிட்ட ஒண்ணு சொல்லிட்டேன். இன்ஜின் இருக்கட்டும், கயிறும் இருக்கணும். நாப்பது பேர் கயிறு பிடிக்கிறது வழக்கம். அதை மாத்த நான் யாரு?"

குருக்களின் பின்னால் முருகையன் நின்றுகொண்டிருந்தார். கயிறு இழுக்கிற நாற்பது பேருக்கும் அவர்தான் தலைவர். வருஷத்துக்கு ஒரு நாள் அந்த நாற்பது பேரும் விரதமிருந்து சாமியை இழுப்பார்கள். முடிந்ததும் முதல் பொங்கலும் துண்டு மரியாதையும் அவர்களுக்குத்தான். முருகையன் இன்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தார். தம் வேலைக்கு உலை வைக்க வந்த இரும்பை எந்த மனுஷனால் அன்போடு பார்க்க முடியும்?

அப்பாதுரைக்குப் பாவமாக இருந்தது. "நீங்க இழுக்க வேணாம்ணா. சும்மா தொளதொளன்னு கையில வெச்சிக்கினு நடந்தா போதும். பாரமெல்லாம் இது பாத்துக்கும்."

"சரிப்பா" என்றார் முருகையன். அவர் அதிகம் பேசுகிறவர் அல்ல.

செவ்வாய்க்கிழமை அப்பாதுரை இன்ஜினின் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ் ஏறினான். வளையம் சிறிசாக இருந்தால் ஓட்டையையும் அதற்குத் தகுந்தாற்போலச் சிறிசாக்க முடியாது. ஓட்டையைச் சீராகக் கடைந்து பெரிசாக்கி, பெரிய பிஸ்டனாகப் போட்டுவிடலாம் என்பது அவன் யோசனை. லேத்துக்காரர் தாராள மனசுக்காரர். ஒரு நூல் அளவு கடையச் சொன்னதற்கு இரண்டு நூல் கடைந்து கொடுத்தார்.

இப்போது அந்த ஓட்டைக்கு லாரி பிஸ்டன்தான் பொருந்தியது. லாரி பிஸ்டன் கனம். புதன்கிழமை ஸ்டார்ட் செய்ததும் புகை வரவில்லை. அதற்குப் பதிலாக உள்ளே யாரோ உலக்கை போடுவது போலச் சத்தம் வந்தது. அந்த அதிர்வில் அடியில் இருந்த பேரிங் தேய்ந்து ஆட ஆரம்பித்தது. பேரிங்குக்குள் சொருக மெல்லிய தகடு வேண்டும்.

"காசி, அந்த பிஸ்கட் டப்பா..."

"அதுல புளி வெச்சிருக்கேன்."

"புளியை வேற எதுலயாவது வெச்சிக்கோயேன். கொட்டாயே போயிடும்போல இருக்குது."

காசியம்மாள் புளியை ஒரு சட்டியில் கொட்டிவிட்டு டப்பாவை நீட்டினாள். அவன் அதை வெட்டி நான்கு தகடு சொருகினான். மூன்று போதுமாயிருந்திருக்கும். நான்கு போட்டதில் இன்ஜின் இறுகிக்கொண்டு, கைப்பிடியைச் சுற்ற மூன்று ஆட்கள் வேண்டியதாயிற்று. ஒரு வழியாகக் கிளம்பியது. சத்தமில்லை, புகையில்லை. அப்பாதுரை கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"விசிறி சுத்தலியே" என்றாள் காசியம்மாள்.

உண்மைதான். இன்ஜின் ஓடியது, விசிறி சும்மா இருந்தது. நடுவிலிருக்கிற கியர் பெட்டி வழுக்கியது. அதை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுகிற கைப்பிடியோ கடலூரிலேயே முறிந்துபோய், ஒரு குட்டைக் கம்பிதான் மிச்சமிருந்தது.

வியாழக்கிழமை காலை பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு அடுக்குத் தட்டுகள். ஒரு அடுக்கு சுத்தமாகத் தேய்ந்து வழவழவென்று இருந்தது. இன்னொரு அடுக்கு அப்படியே புதுசு. அப்பாதுரை அவற்றை மாறி மாறிப் பார்த்தான். பத்து வருஷத் தொழிலில் அவன் இப்படி ஒரு முன்யோசனையைக் கண்டதில்லை.

"காசி! இங்க வந்து பாரேன்! வெள்ளைக்காரன் மூளையே மூளை. நடுக்கடல்ல தேஞ்சு போனா இன்னா செய்யறதுன்னு உள்ளேயே ஒரு ஸ்டெப்னி வெச்சிருக்கான்!"

"அதையா இத்தினி நாளா தொடாம வெச்சிருந்தாங்க?"

"அவங்களுக்குத் தெரியல, பாவம்."

தேய்ந்த அடுக்கைக் கழற்றி மூலையில் போட்டான். குட்டைக் கம்பியைப் புதுசு இருக்கிற பக்கமாகத் தள்ளி, இனி நகராதபடி போல்ட் போட்டு முறுக்கினான். விசிறி ஜோராகச் சுற்றியது. அவசர அவசரமாக மாட்டு வண்டியில் ஏற்றி ஐயங்குளத்துக்குக் கொண்டுபோய்த் தெப்பத்தின் அடித்தட்டில் பூட்டுவதற்குள் சாயங்காலமாகிவிட்டது. தண்ணீரில் ஓட்டிப் பார்க்க நேரமில்லை. சாமி வந்துவிட்டார்.

படிக்கட்டு நெடுகக் கூட்டம். ராஜமாணிக்கம் பட்டு வேட்டியில் கரையில் நின்றார். அப்பாதுரை இன்ஜினோடு இன்ஜினாக அடித்தட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து பார்த்தால் சாமியின் பீடத்துக் காலும் கரையில் கொஞ்சமும்தான் தெரியும். மூன்று பேர் கைப்பிடியைச் சுற்ற, இன்ஜின் கிளம்பியது. மேளம் முழங்கியது. "அரோகரா!" என்று கூட்டம் கத்தியது.

தெப்பம் ஒரு நிமிஷம் தயங்கியது. பிறகு ஒரு குலுக்கல் குலுக்கி, மெல்ல நகர்ந்தது.

சந்தோஷத்தில் அவன் வேகத்தைக் கூட்டினான். என்ன காரணமோ, தெப்பம் மந்தமாகியது. இன்னும் கூட்டினான். தெப்பம் நின்றேவிடும் போலிருந்தது. கரையிலிருந்து யாரோ ஏதோ கத்தினார்கள். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை. பயந்துபோய் வேகத்தைக் குறைத்தான். உடனே தெப்பம் அன்னம் மாதிரிப் போயிற்று. சாமிக்கு நிதானம்தான் பிடிக்கிறது என்று அப்பாதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

ஒரு சுற்று. இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றும் முடிந்து தெப்பம் படித்துறையில் வந்து நின்றபோது அவன் இன்ஜினை அணைத்துவிட்டு அதைக் கட்டிக்கொண்டு அழுதான். சட்டையெல்லாம் எண்ணெய்.

ராஜமாணிக்கம் எல்லோர் முன்னாலும் அவனுக்குத் துண்டு போர்த்தினார். "கொட்டாய் உன்னுதுப்பா! நாளைக்கே எழுதிக் குடுத்துடறேன். இன்ஜினா இது! சாமியைக் கண்ணாட்டம் கொண்டாந்து சேத்துச்சே!"

படிக்கட்டில் நின்றிருந்த காசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் புருஷனைக் கெட்டிக்காரன் என்று அவள் முழுமனசாக நம்பினாள்.

கூட்டம் கலைந்தது. நாற்பது பேரும் கயிற்றைப் போட்டுவிட்டுப் படியில் மல்லாந்து கிடந்தார்கள். சும்மா நடந்ததற்கே இப்படி வேர்த்திருக்கிறதே, விரதம் படுத்துகிற பாடு என்று அப்பாதுரை பரிதாபப்பட்டான். ஜெயித்தவனுக்கு வருகிற பெருந்தன்மை அவனுக்கும் வந்திருந்தது. தன் பங்குப் பொங்கலை எடுத்துக்கொண்டு போய் முருகையன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"மனசுல ஒண்ணும் வெச்சிக்காதீங்கண்ணா. இன்ஜின் வந்துட்டா உங்க மரியாதை கம்மியாயிடுமா? அடுத்த வருஷமும் நீங்க நாப்பது பேரும் கண்டிப்பா வந்து கயித்தைப் புடிக்கணும்."

முருகையன் ராஜமாணிக்கம் நின்ற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். காசியம்மாளையும் பார்த்தார். பிறகு தோல் உரிந்திருந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அவன் காதோரமாகக் குனிந்து சொன்னார்:

"வரோம்பா, வராம எங்க போறோம்? அடுத்த வருஷம் இன்ஜினை மட்டும் நிறுத்தி வெச்சிடு. அது பின்னாலயே இழுத்துக்கினு இருந்துச்சா, சாமியையும் அதையும் சேத்து இழுக்கறதுக்குள்ள எங்களுக்குத் தோள்பட்டை கழண்டு போச்சு."