எனாமல்காரர் வீட்டுச் சட்டம்

சுங்குவார்சத்திரத்தில் இரண்டு நிமிடம் அசையாமல் நின்ற எந்தப் பொருளும் எனாமல்காரரின் பிரஷ்ஷிடமிருந்து தப்பியதில்லை. மனுஷன் எங்கள் ஹவுஸ் ஓனர். நிஜப் பெயர், வாடகை கொடுத்த எங்களுக்கே மறந்துவிட்டது.

தொண்ணூற்றொன்றில் கம்பெனி வேலைக்கு வந்த புதிதில், மனைவி கோமதியோடும் கைக்குழந்தை செல்வியோடும் அவருடைய லைன் வீட்டில் குடியேறினேன். கதவு மஞ்சள், ஜன்னல் கம்பி மஞ்சள், கைப்பம்பு மஞ்சள். ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சைக்கிளைச் சாத்திவிட்டுத் தூங்கினேன். எழுந்து பார்த்தால் அதுவும் மஞ்சள்! எனக்கோ மஞ்சளைக் கண்டாலே ஆகாது. "நல்லாத்தான கீது? துரு புடிக்காதுப்பா" என்றார். வாய் திறக்க முடியுமா? அந்த நிறத்தைக் குறை சொன்ன ஒரு ஃபிட்டர் அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யும்படி ஆயிற்று.

கடை பெயிண்ட்டை அப்படியே அடிக்கவும் மாட்டார். ஏதோ ஈயப் பவுடரை வாங்கி வந்து அவரே கலக்குவார். "ஈயம் சேர்ந்தாத்தான்பா பளபளப்பு நிக்கும்" என்பார், பாயசத்துக்கு முந்திரி போடுகிறவர் மாதிரி.

அந்த லைன் வீட்டில் ஒரு வழக்கம். எந்தக் குழந்தை எழுந்து நிற்கத் தொடங்கினாலும், எனாமல்காரர் பரணிலிருந்து ஒரு மர நடைவண்டியை இறக்கி, புதிதாக ஒரு கோட்டிங் அடித்துக் கொண்டுவந்து கொடுப்பார். பிள்ளை இல்லாத மனுஷன். மற்ற நாளெல்லாம் பெயிண்ட் படிந்த லுங்கியோடு திரிகிறவர், அன்றைக்கு மட்டும் சட்டை போட்டுக்கொள்வார். செல்விக்கும் வண்டி வந்தது. அவளுக்குப் பல் முளைக்கிற நேரம். வண்டியைப் பிடித்து நடந்ததைவிட, கைப்பிடியைக் கடித்ததுதான் அதிகம்.

கொஞ்ச மாதத்தில் குழந்தை சோர்ந்துபோனாள். சோறு இறங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை. முகமெல்லாம் வெளுப்பு. ஸ்ரீபெரும்புதூர் டாக்டரம்மா, "எதையாவது கடிக்கிறாளா?" என்று கேட்டு, ரத்தத்தை மெட்ராசுக்கு அனுப்பிப் பார்த்தார். உடம்பில் ஈயம் ஏறியிருந்தது. இப்படியே விட்டால் மூளை வளர்ச்சியையே கெடுத்துவிடும் என்றார்.

ஓனரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். திருநெல்வேலிக்காரி கோமதிக்கு ஒத்திகையெல்லாம் கிடையாது. நேரே போய் நடைவண்டியை அவர் முன்னால் வைத்தாள்.

"அண்ணாச்சி, உங்க பெயிண்ட்டுல இருக்க ஈயத்தைத் தின்னுதான் புள்ள இப்படிக் கெடக்குன்னு டாக்டரம்மா சொல்லுதாவ."

"இன்னாது, என் பெயிண்ட்டா? இத்தினி வருசமா அடிச்சிகினு கீறேன், எனக்கு இன்னா ஆச்சு? இப்ப நானே நக்கிக் காட்டவா?" என்று குதித்தவர், நிஜமாகவே வண்டியைத் தூக்கி வாய்கிட்டே கொண்டுபோனார்.

அப்போதுதான் கைப்பிடி கண்ணில் பட்டது. வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். அந்த இடத்தில் மட்டும் மஞ்சள் இல்லை, வெறும் மரம். விரலால் தடவிப் பார்த்தார்.

"எம்மாந்தூண்டு பல்லு" என்றார். வண்டியை மெல்லக் கீழே வைத்தார்.

மறுநாள் எல்லாக் குடித்தனங்களையும் பிள்ளைப்பாக்கத்தில் இருந்த தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். டாக்டரம்மா சொன்னபடி தூசி பறக்காமல் தண்ணீர் தெளித்துத் தெளித்து, ஆசையாய் அடித்த மஞ்சளையெல்லாம் தன் கையாலேயே சுரண்டினார்.

திரும்பி வந்தபிறகு அவர் தொல்லை இரட்டிப்பானது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உள்ளே போகிற பையையெல்லாம் சோதித்தார். குன்றத்தூர் திருவிழாவில் வாங்கிய கிலுகிலுப்பைக்குக்கூட அனுமதியில்லை. தெருவில் பொம்மை விற்க வந்தவன் தகராறுக்கே நின்றான்.

"இன்னா பெர்சு, பெயிண்ட்ல ஈயம் கூடாதுன்னு எந்த கவர்மெண்டு சட்டம் போட்டுகீது?"

"கவர்மெண்டு எப்ப வோணா போடட்டும். என் வூட்ல இன்னிக்கே போட்டாச்சு. நடையைக் கட்டு!"

செல்வி மெல்லத் தேறினாள். பெயிண்ட்டே படாத புது நடைவண்டி ஒன்று வந்தது. அதை அவள் உருட்டிக்கொண்டு வாசலைக் கடந்தபோது, எனாமல்காரர் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

சர்க்கார் சட்டம் பல வருடம் கழித்து வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை. போன மாதம் செல்வி கட்டிய வீட்டுக்குப் பெயிண்ட் வாங்கப் போனோம். ஈயம் சேர்க்கவில்லை என்று போட்டிருக்கிறதா என டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வாசக் கதவுக்கு என்ன கலர்ப்பா?" என்றாள்.

எனக்கு இன்றைக்கும் மஞ்சளைக் கண்டால் ஆகாது. மஞ்சள்தான் வாங்கினேன்.