லுவெல்லா ஹாஸ்கின்ஸ் சாலை

வாக்காளர்களை வாக்குச்சாவடியிடமிருந்து காப்பாற்றும் திருப்பணியில், ஜார்ஜியா மாநிலத்து டன்மோர் மாவட்டத்துக்கு நிகராக இந்தப் பூவுலகில் இன்னொரு மாவட்டம் பிறக்கவில்லை. பிறந்திருந்தாலும் அதன் பெயர் பட்டியலில் இருக்காது.

அந்த மாவட்டம் மிஸ் லுவெல்லா ஹாஸ்கின்ஸுக்குச் செய்த மரியாதையைக் கேளுங்கள். காலமெல்லாம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். ஓட்டுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டதில்லை. வடிகால் வாரியத்துக்கு ஆள் எடுக்கிற தேர்தலா? அதற்கும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடுகிற தொப்பியை மாட்டிக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் நிற்பார். இப்பேர்ப்பட்டவரைக் கௌரவிக்காமல் விடலாமா? மாவட்ட சபை கூடியது, உருகியது, தீர்மானம் போட்டது. அவர் வீடிருக்கும் பழைய பஞ்சாலைச் சாலை அன்றுமுதல் 'லுவெல்லா ஹாஸ்கின்ஸ் சாலை' ஆயிற்று. பச்சைப் பலகை நட்டார்கள். சர்ச் பெண்கள் எலுமிச்சை கேக் சுட்டார்கள். சபைத் தலைவர் வெண்டல் அதில் மூன்று துண்டு தின்றுவிட்டு, "ஜனநாயகத்தின் தாய்" என்று முழங்கினார். லுவெல்லாவுக்குக் கண் கலங்கிப் போயிற்று.

அதே சபை அதே கூட்டத்தில் இன்னொரு நல்ல காரியமும் செய்தது. 'வாக்காளர் பாதுகாப்பு மேம்பாட்டு முறை' என்ற கம்ப்யூட்டர் ஏற்பாட்டை வாங்கியது. அது சாப்பிடாது, லீவு கேட்காது, யாரையும் நம்பாது. வந்த வேகத்தில் மாவட்டத்துச் சாலைகளையும் வாக்காளர் விலாசங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, 'பழைய பஞ்சாலைச் சாலை' என்ற இல்லாத ஒரு சாலையில் நாற்பது பேர் குடியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டது. எவ்வளவு பெரிய மோசடி! இருந்தாலும் நியாயம் தவறவில்லை. விளக்கம் கேட்டு ஆளுக்கொரு கார்டு அனுப்பியது, அந்த இல்லாத சாலைக்கே. பதில் வரவில்லை. நாற்பது பெயரையும் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது.

அந்த வருஷத் தேர்தலில் லுவெல்லாவுக்குச் சொந்தக் கவலை ஒன்று இருந்தது. மாவட்ட ஆஸ்பத்திரியை நடத்துவதா, மூடுவதா என்று ஜனங்களையே ஓட்டுப் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் கணவர் ஓட்டிஸுக்கு ரத்தம் சுத்தம் செய்வது அங்கேதான். அடுத்த ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரப் பயணம். அந்த உடம்பு அதைத் தாங்காது.

தொப்பியும் கையுறையுமாகப் போய் நின்றார். சாவடி அதிகாரி கிளேட்டன் திரையைத் தட்டினான், மறுபடி தட்டினான்.

"உங்க பேரு இல்லீங்களே, மிஸ் லுவெல்லா."

"நல்லாப் பாருடா. தினம் உன்னை பஸ்ல ஏத்திட்டுப் போனவ பேரு உனக்குத் தெரியலையா?"

"எனக்குத் தெரியுதுங்க. சிஸ்டத்துக்குத் தெரியல. நீங்க வீடு மாறிட்டீங்களாம்."

"நான் எங்கடா மாறினேன்? ரோட்டுக்குத்தானே பேரை மாத்தினீங்க!"

"மாத்தினதைக் குடியிருக்கிறவங்கதான் எழுதிக் கொடுக்கணும்ங்க. அதுக்குத்தான் கார்டு."

"கார்டு வந்தாத்தானேடா எழுதிக் கொடுப்பேன்?"

வரிசையில் பின்னால் நின்ற தபால்காரர் ரூஃபஸ் தொண்டையைக் கனைத்தார். "வந்துச்சுக்கா. நான்தான் திருப்பி அனுப்பிட்டேன். விலாசம் தப்புன்னா யார்கிட்டயும் கொடுக்காதேன்னு அதுலயே அச்சடிச்சிருந்தாங்க."

"அடப்பாவி! கரண்ட் பில்லும் பழைய பேருலதானே வருது? அதை மட்டும் வீடு தேடி வந்து போடுறியே!"

"அதுல அப்படி அச்சடிக்கலியேக்கா."

லுவெல்லாவுக்கு முகம் சுட்டது. ஊரே பார்க்கிறது. "வா, வந்து பலகையைப் பாரு. என் பேரு கொட்டை எழுத்துல இருக்கு!"

கிளேட்டன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். "பலகையைச் சான்றா எடுத்துக்க முடியாதுங்க. அதுல வீட்டு நம்பர் இல்லை."

ஆனாலும் வந்தவரை வெறுங்கையோடு அனுப்புகிற மாவட்டமா அது? ஒரு 'தற்காலிக' வாக்குச்சீட்டைக் கொடுத்து, குத்தச் சொல்லி, உறையில் போட்டு ஒட்டினார்கள்.

"இதை எண்ணுவாங்களா?"

"பத்திரமா வச்சிருப்பாங்க."

'நான் வாக்களித்தேன்' என்ற ஸ்டிக்கரும் உண்டு. அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

உறைகளைப் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். ஆஸ்பத்திரி தோற்றது. அந்த ஒரு சாலைக்காரர்கள் ஓட்டை எண்ணியிருந்தால் பிழைத்திருக்கும், அவ்வளவு சொற்ப வித்தியாசம்.

மூடிய அடுத்த வாரம், விடியும் முன்பே ஓட்டிஸைக் கம்பளியில் சுற்றிக் காரில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார் லுவெல்லா. சபைத் தலைவர் வெண்டல் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

"மிஸ் லுவெல்லா, மனசு ஆறலைங்க. உங்களுக்கு ஏதாவது செய்யணும்னு சபையில ஏகமனதா முடிவு பண்ணிட்டோம். அந்தக் காலி ஆஸ்பத்திரிக் கட்டடத்துக்கு உங்க பேரையே வைக்கிறோம்."

லுவெல்லா காரைக் கிளப்பினார்.

"ரோட்டுல எழுதினீங்க, நாப்பது பேரு ஓட்டுப் போச்சு. இப்ப பூட்டின ஆஸ்பத்திரியில எழுதப் போறீங்க. இவரு போயிட்டா இவரு கல்லறையிலயும் என் பேரையே செலவில்லாம எழுதிக் கொடுப்பீங்க. என் பேரு இருக்க வேண்டிய இடம் ஒண்ணே ஒண்ணுதாங்க. அங்க அழிச்சுட்டுத்தானே ஊரெல்லாம் எழுதிட்டு அலையுறீங்க!"