பச்சை மையிட்ட டாலரும் பெனிஷா கல்யாணத்து மொய்ப்பையும்

இயேசு மரி சூசை துணை

ஓசூர், பாகலூர் ரோடு,
நவம்பர் 17.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் நாகரசம்பட்டி சவரியப்பன் அவர்கள் சமூகத்திற்கு, உங்கள் தங்கை லூர்தம்மாளைக் கட்டிக்கொண்ட அற்புதராஜ் எழுதிக்கொள்வது. தேவமாதா கிருபையால் நாங்கள் இருவரும் வியட்நாமிலிருந்து கை, கால், பாஸ்போர்ட் சகிதம் நலமாக வந்து சேர்ந்தோம். அங்கே நீங்களும், உங்கள் வீட்டாரும், கல்யாணப் பெண் பெனிஷாவும், மாந்தோப்பும், உங்கள் இடது முழங்காலும் எப்படி இருக்கிறீர்கள் என்பதற்கு மறுகடிதம் போடவும்.

போனில் சொல்லிவிட்டுப் போகலாமே, இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீங்கள் சிரிக்க ஆரம்பித்து, பிறகு டவர் இல்லை என்று வைத்துவிடுவீர்கள். கடிதமென்றால் சிரித்தாலும் கடைசிவரை படித்துத்தான் ஆகவேண்டும். அதுவும் தனியாகப் படிக்கக் கூடாது. எல்லாரையும் கூட்டி வைத்து, சத்தமாக, பெனிஷாவை விட்டுப் படிக்கச் சொல்லவும்.

விஷயம் உங்களுக்கே தெரியும். பெண்ணோ மாப்பிள்ளையோ, அவர்களின் அத்தை வீட்டுக்காரர்தான் மொய்ப்பையைப் பிடிக்க வேண்டும் என்பது நம் இரண்டு குடும்பத்துக்கும் உள்ள வழக்கம். ஆனால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உங்கள் மகன் மெல்வின் கல்யாணத்தில், பந்தியில் உப்பு இல்லை என்று கூப்பிட்டார்களே என்று மொய்ப்பையை ஒரு நிமிஷம் காய்கறிக் கூடையில் வைத்துவிட்டுப் போனேன். சமையல்காரர் திம்மராயன் ஆட்கள் மீதிக் காய்கறியோடு அதையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு அவர்கள் ஊரான பேரிகைக்குப் போய்விட்டார்கள். மறுநாளே பை திரும்பி வந்தது, ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை, கொஞ்சம் முள்ளங்கி வாசனை மட்டும் இருந்தது. அந்த ஒரு முள்ளங்கிக்காக ஒன்பது வருஷமாக எந்த விசேஷத்திலும் என் கையில் ஒரு தாம்பாளத்தைக்கூட யாரும் கொடுப்பதில்லை. போன மாதம் பூசை முடிந்து கோயில் வாசலில் அத்தனை பேர் நிற்கும்போது நீங்கள் என்ன சொன்னீர்கள்? “மச்சான், வியட்நாம் போறீங்க, அங்க நோட்டை மாத்தி, ஒரு பைசா ஏமாறாம வந்துடுங்க. பெனிஷா கல்யாணத்துல பை உங்க கையில. இல்லன்னா பக்கத்துத் தோட்டத்து ஹரீஷ்குமார்கிட்ட குடுத்துடுவேன், அவன் பேங்க்ல வேலை செய்யறவன்.” உறவு அல்லாத ஒரு பையன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, நான் வாசலில் நின்று பன்னீர் தெளிக்க வேண்டுமா? அன்றைக்கு இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை மச்சான், உண்மையாகச் சொல்கிறேன்.

ஆகவே இதை நான் எங்கள் கம்பெனி முறைப்படியே செய்தேன். சிப்காட்டில் முப்பத்தோரு வருஷம் இன்வர்டு இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவன் நான். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளையும் எண்ணி, அளந்து, சரியாக இருந்தால் பச்சை மையில் கையெழுத்து வைத்து, அப்புறம்தான் ஸ்டோருக்கு அனுப்புவோம். என் பச்சைக் கையெழுத்து இல்லாமல் ஒரு போல்ட்டுகூட உள்ளே போனதில்லை. டாலர் வாங்க முதலில் மூன்று இடத்தில் கொட்டேஷன் கேட்டேன், ஓசூரில் இரண்டு, பெங்களூரில் ஒன்று. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்த்து, ரசீதோடு ஐம்பது டாலர் நோட்டாகப் பத்து வாங்கினேன். “பணத்தை சாக்ஸுக்குள்ள வைங்க, துபாய்ல நான் அப்படித்தான் வச்சேன்” என்று நீங்கள் அனுப்பிய குரல் செய்தி கிடைத்தது. துபாயில் அந்த நோட்டை வாங்கியவரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். நான் வீட்டுக்கு வந்து பத்து நோட்டின் நம்பரையும் டைரியில் எழுதி, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, மூலையில் பச்சை மையில் ‘அ.ரா., சரி’ என்று போட்டு மடிக்காமல் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அங்கே எங்கள் ரெனிட்டா, அவள் கம்பெனி ஆறு மாத டிரெயினிங்குக்கு அனுப்பியிருக்கிறதே, ஏர்போர்ட்டுக்கே வந்து, மறுநாள் காலையில் எங்களை ஒரு பேங்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கவுன்டரில் இருந்த பெண் முதல் நோட்டை எடுத்தாள், பச்சையைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். இரண்டாவதை எடுத்தாள், ஆட்டினாள். பத்துக்கும் ஆட்டி முடித்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டாள். ரெனிட்டா கேட்டுச் சொன்னாள்: “அப்பா, டாலர்ல கிறுக்கியிருந்தா இங்க யாரும் எடுக்க மாட்டாங்களாம். இவங்க எடுப்பாங்க, ஆனா நூத்துக்கு ரெண்டு புடிச்சுப்பாங்க.” கிறுக்கலா! அது என் கையெழுத்து என்று பாஸ்போர்ட்டைத் திறந்து காட்டினேன். மேனேஜர் பாஸ்போர்ட்டையும் பார்த்தார், நோட்டையும் பார்த்தார், இரண்டும் ஒரே கையெழுத்துதான் என்று ஒப்புக்கொண்டு, அப்புறமும் நூற்றுக்கு இரண்டு என்றார். என் கையெழுத்துக்கு நானே கமிஷன் கொடுப்பதா என்று வெளியே வந்துவிட்டேன். ரெனிட்டாவுக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. “சாயந்திரம் வந்து வேற பேங்க் பாக்கலாம். அதுவரைக்கும் ரோட்டுல எவன்கிட்டயும் மாத்தாதீங்கப்பா” என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அவள் பேச்சை முழுசாக நாற்பது நிமிஷம் கேட்டேன்.

நாற்பத்தோராவது நிமிஷம் அந்த பேங்க் வாசலிலேயே ஒருவன் பைக்கில் வந்து நின்றான். நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல சிரிப்பு. என் கையிலிருந்த பச்சை மை நோட்டைப் பார்த்துவிட்டு, “சார், டாலர்? இங்க் நோ ப்ராப்ளம். பெட்டர் ரேட்” என்றான். உங்கள் தங்கை என் முழங்கையைக் கிள்ளினாள். “ஏங்க, வேணாம். பாப்பா சொல்லிட்டுப் போயிருக்குது” என்றாள். நான் கேட்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு வழக்கம் உண்டு மச்சான், சரக்கு எண்ணி முடிக்கும்வரை லாரி சாவி செக்யூரிட்டி கையில்தான் இருக்கும். கை தானாகப் போய் அவன் பைக் சாவியை உருவி லூர்தம்மாளிடம் கொடுத்துவிட்டது. அவள் அதைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். என் பத்து நோட்டையும் வாங்கி, மடியில் வைத்து மளமளவென்று எண்ணினான். திடீரென்று தெருக்கோடியைப் பார்த்து, “போலீஸ், போலீஸ்! நோ டீல், சார்!” என்று நோட்டுக் கட்டை என் கையில் திணித்துவிட்டு பைக்கை ஸ்டார்ட் செய்யப் போனான். மேலே ஐம்பது டாலர், பச்சை மையில் ‘அ.ரா., சரி’. வேறு யாராக இருந்தாலும் பையில் போட்டுக்கொண்டு அப்பாடா என்று நடந்திருப்பார்கள். ஆனால் திருப்பி அனுப்பிய சரக்கையும் எண்ணித்தான் உள்ளே எடுக்க வேண்டும் என்பது விதி. இரண்டாவது நோட்டைப் புரட்டினேன். பச்சை இல்லை. மூன்றாவதிலும் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், மேலே ஒரு ஐம்பது, அடியில் ஒன்பதும் ஒற்றை டாலர்!

அதற்குப் பிறகு நடந்ததை எழுதும்போதே எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. “டேய் திருட்டுப் பயலே!” என்று ஒரு சத்தம் போட்டேன். அவனுக்குத் தமிழ் புரியவில்லையோ என்று “துட்டு கொடோ, கள்ளா!” என்று கன்னடத்தில் போட்டேன், அப்புறம் “தொங்கா!” என்று தெலுங்கிலும் ஒன்று. ஓசூர்க்காரனுக்குத் திட்டுவதற்கு பாஷைப் பஞ்சமா? அவன் பைக்கை உதைக்கிறான், உதைக்கிறான், சாவி இருந்தால்தானே! உங்கள் தங்கை கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, “முதல்ல பணத்தக் குடுடா. அப்புறம் சாவி” என்று சுத்தமான நாகரசம்பட்டித் தமிழில் சொன்னாள். அது மட்டும் அவனுக்கு எப்படியோ புரிந்துவிட்டது. பேங்க் காவலாளி வந்தார், கூட்டம் கூடியது, அவன் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒன்பது நோட்டும் வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் டைரி நம்பரோடு ஒத்துப் பார்த்து, ‘சரி, சரி’ என்று சொல்லி வாங்கிக்கொண்ட பிறகுதான் சாவியைக் கொடுக்கச் சொன்னேன். கூட்டத்தில் ஒருவர் கைதட்டினார் மச்சான்! கிறுக்கல் என்றார்களே, அந்தக் கிறுக்கல்தான் காப்பாற்றியது.

நேராக அதே பேங்குக்குள் நுழைந்தேன். நூற்றுக்கு இரண்டைச் சந்தோஷமாகக் கொடுத்தேன். அது காவலாளிக்கும் கவுன்டருக்கும் ரசீதுக்கும் சேர்த்துக் கொடுத்த கூலி, அதை ஏமாந்த கணக்கில் சேர்க்கக் கூடாது. அவர்கள் ஊர்ப் பணத்துக்கு டாங் என்று பேர். ஒரு கோடியே இருபத்தேழு லட்சத்து நாற்பதாயிரம் டாங் என் கையில் கொடுத்தார்கள். ஐயா, நான் கோடீஸ்வரன்! அத்தனை பூஜ்யத்தையும் யார் எண்ணிக்கொண்டிருப்பது? எல்லா நோட்டிலும் அதே தாடிப் பெரியவர். எங்கள் ஸ்டோரில் கலர் பார்த்துத் தொட்டி பிரிப்பதுபோல, சிவப்பை ஓட்டலுக்கு, பச்சையை டாக்ஸிக்கு, நீலத்தைச் சில்லறைச் செலவுக்கு என்று மூன்று பாக்கெட்டில் பிரித்தேன். பூஜ்யத்தை ரெனிட்டா எண்ணட்டும், எனக்குக் கலர் போதும்.

இந்த முறை எவ்வளவு மரியாதை தேடித் தந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கடைசி ஞாயிறு, ரெனிட்டா வழக்கமாகப் போகும் கோயில் வாசலில் ஒரு அம்மாவிடம் இரண்டு இளநீர் குடித்தோம். நாற்பதாயிரம் என்றார். பேரம் பேசாமல் சட்டைப் பையிலிருந்து இரண்டு நீல நோட்டை எடுத்து நீட்டினேன். அந்தம்மா நோட்டைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். டாக்ஸிக்குள்ளிருந்து ரெனிட்டா ஃபிளைட்டுக்கு நேரமாச்சு என்று கத்தவே ஏறிவிட்டோம். அந்தம்மா நோட்டை உயர்த்தி ஆட்டிக்கொண்டு சிக்னல்வரை பின்னால் ஓடி வந்தார். நானும் கையை ஆட்டினேன். நம் ஊரில் இத்தனை வருஷமாக இளநீர் குடிக்கிறேன், யாராவது நன்றி சொல்ல இவ்வளவு தூரம் ஓடி வந்தது உண்டா?

ஆகவே மச்சான், சொன்ன சொல்லைக் காப்பாற்றுங்கள். பை என் கையில். ஹரீஷ்குமார் நல்ல பிள்ளைதான், அவர் பந்தியில் தண்ணீர் ஊற்றட்டும். பெனிஷாவுக்கு எங்கள் ஆசீர்வாதம், உங்கள் வீட்டாருக்கு என் வணக்கம், முழங்காலுக்கு லூர்தம்மாள் வாங்கி வந்த வியட்நாம் தைலம் இத்துடன் வருகிறது. அதைத் தேய்த்துக்கொள்ள வேண்டும், குடிக்கக் கூடாது.

இப்படிக்கு, தலை நிமிர்ந்து,
அ. அற்புதராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டிய பிறகு மறுபடியும் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் ரெனிட்டா போன் செய்தாள். “அப்பா, இன்னிக்குக் கோயிலுக்குப் போனேன். அந்த இளநீர்க்காரம்மா என்னைப் பார்த்ததும் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாங்க. இருபதாயிரமும் நீலம், அஞ்சு லட்சமும் நீலம்ப்பா. நீங்க குடுத்தது ரெண்டு அஞ்சு லட்சம். திருப்பிக் குடுக்கத்தான் அன்னிக்கு டாக்ஸி பின்னாடி ஓடி வந்தாங்களாம். ஒரு வாரமா கவர்ல போட்டு வச்சிருந்து, ரெண்டு நோட்டையும் அப்படியே குடுத்துட்டாங்க. நான் நாப்பதாயிரம் குடுத்துட்டு வந்தேன்.” லூர்தம்மாள் பக்கத்திலிருந்து கேட்டுவிட்டாள். “அண்ணனுக்கு இதையும் எழுதுங்க. மறைச்சா பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்ட சொல்ல வேண்டி வரும்” என்று பேனாவை எடுத்து நீட்டினாள். ஒரு டாங்கும் குறையவில்லை, ஆகவே பந்தயம் எனக்கே என்று வாதாடலாம்; வாதாட நாக்கு எழவில்லை. ஆனாலும் பையை ஹரீஷ்குமாரிடம் கொடுக்க வேண்டாம் மச்சான். வெளியாளிடம்தான் கொடுப்பது என்றால் அந்த இளநீர்க்காரம்மாவை வரவழையுங்கள், விசாவும் டிக்கெட்டும் என் செலவு. பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போடுங்கள், பச்சைப் பேனாவோடு உட்கார்ந்துகொள்கிறேன்.